ஏழு இழைக் காப்பும் அப்பீல் தீர்ப்பும்

இப்போது மில்லில் ஒருவனுக்கு விரல் நசுங்கினால் அதற்கென்று சட்டம் இருக்கிறது, விசாரிக்கத் தனி அதிகாரி இருக்கிறார், எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று அச்சுப் போட்ட அட்டவணைகூட இருக்கிறது என்கிறார்கள். போன மாதம் மில்லில் வேலை பார்க்கிற வாலிபர்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "மேஸ்திரி, சட்டம் வாரதுக்கு முன்னால கை போச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். "கையில்லாம வீட்டுக்குப் போவோம்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் போன பிறகு, இதை எழுதித்தான் வைப்போமே என்று உட்கார்ந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆழ்வார்குறிச்சியிலிருந்து இடுப்பு வேட்டியோடு கிளம்பி வந்தேன். தாமிரபரணிக் கரையில் ஒரு நூல் மில் புதிதாக ஓட ஆரம்பித்திருந்தது. கம்பெனி பிறகு கைமாறி, அந்தப் பெயரும் போய்விட்டதால் அதை எழுதவில்லை. பஞ்சுத் தூசி கூட்டுகிறவனாகச் சேர்ந்தேன். பிறகு எண்ணெய் விடுகிறவன், பிறகு பெல்ட் ஆள், கடைசியில் தலைமை மேஸ்திரி. இடையில் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. நான் ஏறியது என் காலால்.

பெல்ட் வேலை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது ஒவ்வொரு மிஷினுக்கும் தனி மோட்டார் கிடையாது. நீராவி இன்ஜின் ஒன்று. அதிலிருந்து கூரைக்கு அடியில் ஒரு நீளமான இரும்புத் தண்டு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றிக்கொண்டே இருக்கும். தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி வந்து மிஷினைச் சுற்றும். பெல்ட் நழுவினால் இன்ஜினை நிறுத்த மாட்டார்கள். ஏணியில் ஏறி, சுற்றுகிற தண்டில் ஓடுகிற பெல்ட்டைக் கோலால் தள்ளி ஏற்ற வேண்டும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சி இறுக்கிக் கட்டி, குடுமியைத் துணியால் மூடி, துண்டைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பேன். இந்த ஜில்லாவில் என்னைப் போலப் பெல்ட் தள்ளத் தெரிந்தவன் இன்னொருவன் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஏணியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம்தான். பயமில்லாதவனை நான் அந்த வேலைக்கு எடுத்ததே இல்லை. வேலைக்காலம் முழுக்கப் பயந்தேன். அதனால்தான் பத்து விரலோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

தண்டுக்குப் பயந்ததைவிட அதிகமாக மானேஜருக்குப் பயந்தோம். அவர் பெயர் தேவதாசன். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர். வெள்ளைக் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. தப்புச் செய்தவனைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவன் சொல்வதை முழுக்கக் கேட்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் பையத் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி" என்பார். அவ்வளவுதான். சாயங்காலம் சங்கு ஊதும்போது அவன் மில் ஆள் இல்லை. திட்டுகிறவரிடம் காலில் விழலாம். இவரிடம் எங்கே விழுவது?

நான் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த காலத்தில், என்னோடு அதே வேலை பார்த்த ஆறுமுகத்தின் தோள் துண்டைத் தண்டு பிடித்துக்கொண்டது. அதற்குமேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. மறுநாள் மில்லுக்கு ஆள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மில் காவு கேட்கிறது, வருஷத்துக்கு ஒரு உயிர் எடுக்காமல் விடாது என்று பேச்சு. பெரியவர்கள் சிலர் மானேஜரிடம் போனார்கள். நானும் கூட நின்றேன்.

"பாய்லர் வீட்டுக்குப் பின்னால சுடலைமாடனுக்கு ஒரு பீடம் போடணும்யா. வருஷா வருஷம் கொடை குடுத்துக் காப்புக் கட்டினாத்தான் ஆளு வருவான்" என்றார்கள்.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆளு இல்லாத மில்லுலயும் எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார். "பீடம் போடுங்க. காப்புக்கு நூலு நம்ம ஸ்டோர்ல எடுத்துக்கிடுங்க. ஆனா கொடை அன்னைக்கு ஒரு நாள்தான் லீவு. காப்புக் கட்டிட்டு மத்த நாளெல்லாம் மிஷின் ஓடணும்."

ஊரில் சாமி கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் கொடை முடியும்வரை வேலைக்குப் போக மாட்டான். விரதம் இருப்பான், சுத்தபத்தமாக இருப்பான், கோயிலே கதியென்று கிடப்பான். எங்கள் மில்லில் மட்டும் மணிக்கட்டில் காப்பும் கையில் மிஷினுமாக நின்றோம். இப்படி ஒரு வழக்கம் வேறு எங்கேயும் கிடையாது.

முதல் இரண்டு வருஷமும் சங்கடம். காப்புக் கயிறு வேர்வையில் ஊறி, கொடை வருவதற்கு முன்பே அறுந்துவிடும். அறுந்தவன் முகத்தில் ரத்தம் இருக்காது. "எனக்கு அந்து போச்சு" என்று மிஷினை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மாடன் கைவிட்ட பிறகு எவன் மிஷினைத் தொடுவான்? ஒருவன் போனால் அவன் பக்கத்து ஆளும் போவான். மானேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்போது நான் மேஸ்திரி ஆகியிருந்தேன்.

"பிச்சாண்டி, அறாத கயிறாத் திரிக்க முடியாதா வே?"

"நான் திரிச்சா அறாதுய்யா" என்றேன்.

அப்படியே செய்தேன். ஏழு இழையைச் சேர்த்து, ஒரு பக்கமாக முறுக்கி, மடித்து, எதிர்ப்பக்கமாக முறுக்கி, மஞ்சள் கரைத்த கஞ்சியில் முக்கி, வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, மெழுகு தேய்ப்பேன். நடுவில் மஞ்சள் துண்டைக் கோத்து, ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் என் கையால் கட்டுவேன். அதன் பிறகு ஒருவனுக்கும் காப்பு அறவில்லை. ஒரு மிஷினும் நிற்கவில்லை. பீடத்துக்கு எதிரே வரிசையாக நின்று அத்தனை பேரும் என்னிடம் கை நீட்டுவார்கள். கோயில் பூசாரிக்குக்கூட அந்த மரியாதை இல்லை. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று ஏன் எழுத வேண்டும்?

இசக்கி ஏரல்காரன். கார்டிங் மிஷினில் நின்றான். பஞ்சைச் சிக்கெடுத்துப் பட்டையாக்குகிற மிஷின் அது. அதன் பக்கத்தில் பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று கடித்துச் சுற்றும். சக்கரங்களுக்கு இரும்பு மூடி உண்டு. அடிக்கடி தூசி துடைக்க வேண்டியிருப்பதால் மூடியைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்து வெகு நாளாயிருந்தது. மிஷினை நிறுத்தாமலே துடைக்கச் சொல்வார்கள். அந்த வருஷம் காப்புக் கட்டி, கொடைக்கு இன்னும் நாள் இருந்தது. இசக்கி சக்கரத்தின் ஓரம் பஞ்சைத் துடைத்தான். காப்பின் தொங்கல் நுனியைப் பல் கவ்விக்கொண்டது.

நான் ஹாலின் அந்தக் கோடியில் நின்றேன். அவன் கத்தவில்லை. "அண்ணாச்சி" என்று சாதாரணமாகக் கூப்பிடுவது போலத்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால், சக்கரத்துக்கு எதிரே காலை ஊன்றிக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கிறான். கயிறு அவனை உள்ளே இழுக்கிறது. நான் ஓடிக் கோலை எடுத்து, மிஷின் நிற்கும்படி பெல்ட்டைத் தள்ளிக் கழற்றினேன். என்னைவிட வேகமாக ஒருவரும் தள்ளியிருக்க முடியாது. ஆனாலும் பல்சக்கரம் நிற்பதற்கு முன் கை போய்விட்டது. கயிறு அறுந்திருந்தால் கை மிஞ்சியிருக்கும். அது அறவில்லை.

ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். கம்பெனி அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டது. அதைவிடக் கொடுமை ஊர்ப்பேச்சு. காப்புக் கட்டிக்கொண்டு இசக்கி சுத்தமாக இல்லை, விரதத்தில் பெண்டாட்டியோடு இருந்தான், அதனால்தான் மாடன் கையை எடுத்துக்கொண்டான் என்று ஹால் முழுக்கச் சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் மற்றவர்களால் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நிற்க முடிந்தது. நானும் தலையாட்டினேன். மாடன் எடுக்கவில்லை என்றால் வேறு யார் எடுத்தது என்ற கேள்வி வரும் அல்லவா?

ஒரு நாள் இசக்கியின் பெண்டாட்டி மாடத்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, கேஸு போடுதோம்."

"யாரு மேல?"

"மில்லு மேல. உங்க மேல இல்ல, பயப்படாதீங்க."

"நான் எதுக்குப் பயப்படணும்?"

"அதான் பயப்படாதீங்கன்னு சொன்னேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கம்பெனி குடுக்கது குடுக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும் அண்ணாச்சி. ஆத்துல குளிக்கப் போனா பொம்பளையாளுக எந்திரிச்சுப் போறாவ. என்னாலதான் அவுக கை போச்சாம். இது யாரு தப்புன்னு கோர்ட்டுல எழுதித் தரட்டும்."

திருநெல்வேலி முன்சீப் கோர்ட்டில் புதிதாக வந்த ஒரு சின்ன வக்கீல் அவர்களுக்காக வழக்குப் போட்டார். கம்பெனிப் பக்கம் பெரிய வக்கீல். என்னைக் கம்பெனிச் சாட்சியாகப் போட்டார்கள். சாட்சி சொல்வதற்கு முன்பு மானேஜர் என்னைப் பெரிய வக்கீல் வீட்டுக்கு அழைத்துப் போனார். வக்கீல் சாய்வு நாற்காலியில், மானேஜர் முக்காலியில், நான் நின்றுகொண்டு. சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். மிஷின் பக்கம் கயிறு, மோதிரம், தொங்கல் துணி கூடாது என்று கம்பெனி விதி உண்டு. அது நிசம்தான். இங்கிலீஷில் எழுதி மாட்டியிருந்தது. காப்பு, கூலியாட்களின் சொந்தச் சாமி காரியம். நூல் என்றால் இழுத்தால் அறுந்துவிடும். ஆகவே கயிறு கையை இழுத்திருக்க முடியாது, அவனே அஜாக்கிரதையாகக் கையைக் கொடுத்திருக்க வேண்டும்.

"இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீரும்" என்றார் வக்கீல்.

மானேஜர் என்னைப் பார்த்தார். அறாத கயிறு கேட்டதே அவர்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை. வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள், கல்யாணத்துக்கு இருக்கும் தங்கச்சி, எல்லாம் என் ஒரு வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோர்ட்டில் டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். கூண்டில் ஏறினேன். பெரிய வக்கீல் கேட்டதற்கெல்லாம் பாடம் ஒப்பித்தேன். முன்சீப்பின் மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. உள்ளே இசக்கியின் காப்பு, ரத்தம் கறுத்துப் போய் இருந்தது. கொடை முடிந்ததும் காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிட வேண்டும். மாடத்தி விடாமல் வைத்திருந்து வக்கீலிடம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன். கயிற்றை யாரும் தொடவில்லை. கோர்ட்டுக் குமாஸ்தா பொட்டலத்தைக் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தே நகர்த்தினார். முன்சீப்பும் நம்மவர்தான். ரத்தம்பட்ட மாடன் கயிற்றை அவர் மட்டும் எப்படித் தொடுவார்?

சின்ன வக்கீல் எழுந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் மில்லுல பெல்ட் தள்ளுத ஆளுதானே வே?"

"தலைமை மேஸ்திரி" என்றேன்.

"இருக்கட்டும். காப்புக் கயிறு யாரோ கூலிக்காரன் கைக்கு வந்தபடி திரிச்சது. இழுத்தா அந்துரும். அப்படித்தானே இப்பச் சொன்னீரு?"

கைக்கு வந்தபடி திரித்தது என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"யாரோ இல்ல. நான் திரிச்சது."

"நீரா? நீர் திரிச்சாலும் நூலு நூலுதான். என் சட்டைப் பொத்தான் நூலு மாதிரி அந்துதானே போவும்."

"பொத்தான் நூலா?" என்றேன். பெரிய வக்கீல் தொண்டையைச் செருமினார். என் காது அடைத்துவிட்டது. "ஏழு இழை, எதிர் முறுக்கு, மெழுகு போட்டது. நான் திரிச்ச கயித்துல மாட்டைக் கட்டலாம். முந்தி உள்ள கயிறு அந்து அந்து ஆளு ஓடுச்சுன்னு மானேஜர் ஐயாவே என்னைக் கூப்பிட்டு அறாத கயிறு கேட்டாவ. இந்த மில்லுல அது என் ஒருத்தனுக்குத்தான் வரும். ஸ்டோர் நூலு, என் கை. அத்தனை பேருக்கும் நான்தான் கட்டினேன்."

கோர்ட்டில் சிரிப்பு. சின்ன வக்கீல் சிரிக்கவில்லை. "போதும், இறங்கும்" என்றார், என்னிடம் இதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லாதவர் போல. முன்சீப் எழுதிக்கொண்டிருந்தார். பெரிய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நான் மானேஜரைப் பார்த்தேன். கண்ணாடி அவர் கையில் இருந்தது. பையத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைத் தமிழில் வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார்கள். பொய் என்று எதைச் சொல்வது? கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டேன். அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்ட மில் ஆள் நான் ஒருவன்தான்.

நான் கூண்டில் சொன்னதை வெறும் பெருமைப் பேச்சு என்று ஒதுக்கி, முன்சீப் வழக்கைத் தள்ளிவிட்டார். காப்பு இசக்கியின் சொந்தக் காரியம், கம்பெனி விதி இருந்தது, நூல் அறுந்துவிடக்கூடியது, அவன் அஜாக்கிரதையால் வந்த வினை என்று தீர்ப்பு. மானேஜர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. "சரி" என்றும் சொல்லவில்லை. அது வரும் வரும் என்று தினமும் சங்கு ஊதும்வரை காத்திருந்தேன். மில்லில் இசக்கியைப் பற்றிய பேச்சு கூடிற்று. பார்த்தாயா, கோர்ட்டே சொல்லிவிட்டது என்றார்கள்.

மாடத்தி விடவில்லை. பாளையங்கோட்டை ஜில்லா கோர்ட்டில் அப்பீல் போட்டார்கள்.

பெரிய வக்கீலின் குமாஸ்தாவைக் கடைத்தெருவில் பிடித்துக் கேட்டேன். "அப்பீல்ல என்னை மறுபடி கூப்பிடுவாவளா? கூப்பிட்டா வேற மாதிரிச் சொல்லிருவேன்."

"அப்பீல்ல சாட்சி கிடையாது வே" என்றார். "முன்ன எழுதினதை எடுத்து வச்சு வாசிப்பாவ. நீர் சொன்னது அங்கன போய்ச் சேர்ந்தாச்சு. உம்ம வாயி இனி உமக்குச் சொந்தமில்ல."

அப்பீல் நாளன்று மானேஜர், "பிச்சாண்டி, நீரும் வாரும்" என்றார். என்னை யாரும் கேட்கப் போவதில்லை என்றால் எதற்கு வர வேண்டும்? கேட்கத் தைரியமில்லை. ஆற்றுப்பாலத்தில் குதிரை வண்டி போனது. மழைக்காலம், ஆற்றில் செந்தண்ணீர் கரை முட்டிப் போயிற்று. அவர் என் எதிரே உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜட்ஜு வெள்ளைக்காரர். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அதற்குள்ளிருந்து திடீர் திடீரென்று "பிச்சாண்டி" என்று என் பெயர் வரும். சின்ன வக்கீல் வாசிப்பார், என் பெயர் வரும். பெரிய வக்கீல் எழுந்து மறுப்பார், மறுபடி என் பெயர். என்னைப் புகழ்கிறார்களா, காறித் துப்புகிறார்களா என்று தெரியாமல், என் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு வேர்த்தது. குற்றவாளிக்காவது அவன் பாஷையில் சொல்வார்கள்.

பிறகு ஜட்ஜு கையை நீட்டி ஏதோ கேட்டார். அந்தக் கோர்ட்டுக் குமாஸ்தாவும் பொட்டலத்தைக் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தே அவர் முன் வைத்தார். ஜட்ஜு பிரித்தார். வெறும் கையால் காப்பை எடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார். ஜட்ஜுக்கு அது என்ன கயிறு என்று தெரியாது, தெரிந்தாலும் மாடன் அவர் சாமி இல்லை. இரண்டு நுனியையும் விரல்களில் சுற்றிக்கொண்டு இழுத்தார்.

நான் என் கயிற்றிடம் அறுந்துவிடு என்று வேண்டினேன். சத்தியமாக வேண்டினேன். அது அறுந்தால் நான் பொய்யன் ஆவேன், ஆனால் வேலை மிஞ்சும். ஜட்ஜின் முகம் சிவந்தது. கயிறு அவர் விரலில் பதிந்தது. மறுபடி இழுத்தார். அறவில்லை. அந்த நடுக்கத்திலும் என் மனசின் ஒரு ஓரம் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் மறைக்க மாட்டேன்.

அவர் கயிற்றைப் பெரிய வக்கீலிடம் நீட்டினார். வக்கீல் கைக்குட்டையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, தொட்டும் தொடாமலும் இழுத்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். ஜட்ஜு விரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னவோ எழுதினார்.

தீர்ப்பைப் பிறகொரு நாள் சொன்னார்கள். அன்றும் மானேஜர் என்னை அழைத்துப் போனார். பெரிய வக்கீலின் குமாஸ்தா எனக்குப் பைய விளக்கினார். கயிறு கம்பெனி நூல், கம்பெனி மேஸ்திரி கட்டியது, அறாமல் திரிக்கச் சொன்னது கம்பெனியே. காப்பு நாளில் மிஷினை ஓட்டியதும் மூடியைக் கழற்றி வைத்ததும் கம்பெனி. சுவரில் ஒரு விதியைத் தொங்கவிட்டு, கையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, பிறகு அது அவன் காரியம் என்று சொல்ல முடியாது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு ரத்து. இசக்கிக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

வெளியே மரத்தடியில் சின்ன வக்கீல் இசக்கிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தொகையைச் சொன்னபோது அவன் கவனிக்கவே இல்லை.

"அப்ப என் தப்பு இல்லன்னு எழுதியிருக்காவளா?"

"எழுதியிருக்கு."

"மாடத்தி தப்பும் இல்லயே?"

வக்கீலுக்குப் புரியவில்லை. "அவ பேரே இதுல வரலயே வே" என்றார்.

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் துடைத்தார்.

"நீர் கூண்டுல சொன்னதுல பொய் எதுவும் உண்டா வே?"

"இல்லய்யா."

"சரி" என்றார்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியது. என்னை யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அவர் வேலையை விட்டுப் போகும்வரை நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் சங்குச் சத்தத்தில் எனக்கு அந்தச் "சரி" கேட்கும். அவர் ஏன் என்னை அனுப்பவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் கண்ணாடியைத்தான் துடைத்திருப்பார்.

சக்கரங்களுக்கு மூடி போட்டு ஆணி முறுக்கினார்கள். அடுத்த கொடைக்கு முன்னால் மானேஜர் என்னிடம், "இனி ஒத்த இழை. சுண்டி இழுத்தா அறணும்" என்றார். காப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் ஹாலில் ஒருவன்கூடக் கால் வைக்க மாட்டான்.

காப்புக் கட்டும் நாளில் பீடத்துக்கு எதிரே வழக்கம்போல வரிசை. ஒற்றை இழையைப் பார்த்து ஆட்களுக்கு முகம் செத்துவிட்டது. இது எத்தனை நாள் தாங்கும், அறுந்தால் என்ன செய்வது என்று குசுகுசுத்தார்கள். நான் கட்டிக்கொண்டே போனேன். திடீரென்று வரிசையில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் இசக்கி. வலது கையைத் துண்டால் மூடியிருந்தான். மாடன் கையெடுத்தவன் என்று அவர்கள் சொன்ன அதே ஆள். முன்னால் நின்றவர்கள் வழி விட்டார்களா, விலகிக்கொண்டார்களா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் வந்து இடது கையை நீட்டினான்.

ஒற்றை இழையை எடுத்தேன்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. எனக்குத்தான் மிஷின் இல்லயே" என்றான். "பழைய கயிறு இருக்கா?"

இருந்தது. போன வருஷத்தில் மீந்த ஒரு துண்டு என் மடியிலேயே கிடந்தது. எடுத்து அவன் மணிக்கட்டைச் சுற்றினேன். அத்தனை பேருக்கும் போட்ட முடிச்சு இவனுக்கு மட்டும் விழவில்லை. இரண்டு தடவை நழுவிற்று. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இசக்கி குனிந்து, ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டான். மறு நுனியை நான் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்தோம். முடிச்சு இறுகியது.

"இது அறாதுல்லா அண்ணாச்சி?" என்றான்.

"அறாது" என்றேன்.

அவனுக்குப் பின்னால் நின்றவன், ஒற்றை இழைக்குத் தன் கையை நீட்டினான்.